சமன்பாட்டைக் கட்டளையாக்கும் கம்பைலர்



2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே துணையாயிற்று. சுபாங் ஜெயாவில் அப்படியொரு தொட்டி. அதன் அடியிலுள்ள குழாயைத் திறந்துவிட்டால் நீர் எவ்வளவு நேரம் வரும்? கணிப்பொறியிடம் இதை எப்படிக் கேட்பது?

நமக்குத் தெரிந்த சமன்பாடுகள் இரண்டு. தொட்டியின் அடிப்பரப்பை, நீர்மட்டம் மாறும் வேகத்தால் பெருக்கினால், வரும் நீருக்கும் போகும் நீருக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். போகும் நீரின் வேகமோ மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே வரத்து நின்றால், முக்கால் தொட்டி வடிய ஆகும் நேரமே எஞ்சிய கால் தொட்டிக்கும் ஆகும்!

1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் போன்ற மொழியில் சமக்குறி என்பது ஒரு கட்டளை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்தில் வை என்று பொருள். ‘ந சமம் ந கூட்டல் 1’ என்று அங்கே எழுதலாம். பள்ளியில் எழுதினால் ஆசிரியர் பிரம்பைத் தேடுவார். மட்டம் பாதியிலேயே நிற்க எவ்வளவு நீர் வரவேண்டும் என்று கேள்வியைத் திருப்பினாலோ, நிரலையே மாற்றி எழுத வேண்டும்.

சுவீடனின் லுண்ட் நகரில் ஹில்டிங் எல்ம்க்விஸ்ட் 1978-இல் தம் முனைவர் ஆய்வில் வேறு வழி காட்டினார். சமன்பாட்டைச் சமன்பாடாகவே எழுதுங்கள். திருப்பிப் போடுவது கம்பைலரின் வேலை. இவ்வழியில் 1997-இல் மாடலிக்கா மொழி பிறந்தது.

அதன் கம்பைலர், தொட்டி, குழாய் ஆகிய உறுப்புகளின் சமன்பாடுகளையெல்லாம் ஒரே பட்டியலாக்கும். தெரியாத அளவுகள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் உண்டா என்று எண்ணும். பிறகு, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல், ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு தெரியாத அளவைச் சோடி சேர்க்கும். இந்தக் கணத்தின் மட்டம் தெரியும். எனவே இரண்டாம் சமன்பாடு போகும் நீரைத் தரும். அதன்பிறகே முதற்சமன்பாடு மட்டம் மாறும் வேகத்தைத் தரும். நாம் எந்த வரிசையில் எழுதினாலும் இந்த வரிசையை அதுவே கண்டுகொள்ளும். கேள்வி திரும்பினால் சோடிகள் மாறும், சமன்பாடுகள் மாறா. ஒன்றையொன்று பிடித்துத் தொங்குபவற்றை ஒரு கட்டாகத் தீர்க்கும். முடிவைப் பெரும்பாலும் சி மொழியில் எழுதித்தர, சி-யின் கம்பைலர் அதை இயந்திர மொழியாக்கும்.

ஒரு சமன்பாடு குறைந்தால் கம்பைலர் மறுத்துவிடும். ஆனால், தொட்டியிலுள்ள கசிவை நாம் எழுதாமல் விட்டால்? எண்ணிக்கை சரியாகவே இருக்கும்; மறுப்பே வராது. தொட்டி காலியாகும் நேரத்தைத் தயங்காமல், தவறாகச் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க, அளவுகோலும் கடிகாரமுமாக நாமே தொட்டியருகே ஏறிச் சென்று பார்க்க வேண்டியதுதான்.