அத்தை பிடித்த படம்

"கையிலே செல்போன் இருக்க, தனியாக ஒரு காமிரா எதற்கு?" என்று அம்மா கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. நான் நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தது நிக்கான் இஸட் எஃப்.சி. 2021-ல் வெளிவந்த காமிரா. லென்சோடு சேர்த்தால் ஏறக்குறைய லட்ச ரூபாய்! வாங்குவதா, வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு ஒரு வாரத் தவணை. அந்த வாரத்தில் ரத சப்தமி வந்தது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, கலசப்பாக்கத்தில் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பார்வைக்குப் பழைய காலத்துக் காமிராவேதான். 1982-ல் வந்த எஃப்.எம்.2 என்ற பிலிம் காமிராவின் சாயலில் செய்திருக்கிறார்கள். தலையில் மூன்று வட்டத் திருகுகள். ஒன்று ஷட்டர் வேகத்துக்கு, ஒன்று ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வு அளவுக்கு. மற்றொன்று படத்தைச் சற்று வெளுப்பாக்கவோ இருட்டாக்கவோ. பாட்டரியும் கார்டும் சேர்ந்து 445 கிராம், லென்ஸ் தனி.

வேஷம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. அந்த நாள் காமிராவில் லென்சுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். பொத்தானை அழுத்தியதும் விலகிக்கொள்ளும். இதில் அந்தக் கண்ணாடி இல்லை. வெளிச்சம் நேரே உணர்தகட்டில் விழ, அது கண்டதை ஒரு குட்டித் திரையில் நாம் காண்கிறோம். படம் வெளுக்குமா, இருளுமா என்பது எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர்க் கண்ணாடிதான் உயிர். அந்த மலைப் பக்கத்து ஊருக்குக் கண்ணாடியில்லாக் காமிராவோடு போனேன் நான்!

ரத சப்தமியன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து கலசப்பாக்கத்துக்கு எழுந்தருளுவார். ஊர்ச் சுவாமி திருமாமுடீசுவரரும் வர, செய்யாற்றில் தீர்த்தவாரி. வெயிலில் ஷட்டரை 1/1000-ல் வைத்தேன். தெறித்த தண்ணீர் முத்து முத்தாக நின்றது. குடைகளின் நிறமும் அப்படியே வந்தது.

சாயங்காலம் தாழ்வாரத்தில் என் கர்வம் அடங்கியது. 1/15 வேகத்தில் எடுத்த நாலு படமும் கலங்கல். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி இந்தக் காமிராவின் உடலில் இல்லை; நான் மாட்டியிருந்த 28 மில்லிமீட்டர் லென்சிலும் இல்லை. ஐ.எஸ்.ஓ.வை 400-லிருந்து 3200-க்கு ஏற்றி, வேகத்தை 1/125 ஆக்கியதும் பிழைத்தேன். மணல் தூவினாற்போல் சிறு புள்ளிகள், அவ்வளவே. உள்ளேயே ஃபிளாஷ் விளக்கும் கிடையாது. ஒரு சார்ஜுக்குச் சுமார் 300 படம் என்பது கணக்கு. திருவிழாவுக்குப் போகிறவர்கள் இன்னொரு பாட்டரி வைத்துக்கொள்வது உத்தமம்.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. செல்போனை நீட்டினால் விறைத்துப் போய்விடுவாள். பேரன் எடுத்த படங்களும் இப்போது இல்லை. இரண்டு வருஷத்துப் படங்களோடு அவன் போன் கிணற்றில் விழுந்துவிட்டது.

அப்படிப்பட்டவள் இந்தக் காமிராவைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"உங்க மாமா ஆக்பா கிளிக் 3 வெச்சிருந்தார். சுருளுக்குப் பன்னிரண்டு படம். எண்ணி எண்ணி எடுப்பார். என் கையிலே ஒரு நாளும் கொடுத்ததில்லை. 'சுருள் வீணாயிடும்' என்பார்."

திருகுகளைச் சரிசெய்து அவள் கையில் கொடுத்தேன். கை சற்று நடுங்கியது. கண்ணருகே வைத்து, ஊஞ்சலையும் கோலத்தையும் விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்தபடி மருமகள் வெளியே வந்தாள். டக்! அந்த வீட்டுப் படங்களில் அநேகமாக இடம்பெறாத ஆள் அவள்தான்.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்து அத்தை குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதில் பிடித்தேன் தெரியுமா? செல்போனில்தான்!

ஆகவே என் தீர்ப்பு இது: அழுத்தினால் படம் விழ வேண்டும் என்பவர்களுக்குச் செல்போனே போதும். திருகைத் திருப்பி, நிதானித்து எடுப்பதில் சந்தோஷம் காண்பவர்களுக்குத்தான் இது. அவர்களும் கை நடுக்கத்தைத் தாங்கும் 16-50 மில்லிமீட்டர் லென்சோடு வாங்குவது நல்லது. எதில் எடுத்தாலும் நல்லதாகப் பத்துப் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

இரண்டு படங்களையும் அச்சிட்டு அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தக் காமிராவை என்றைக்குத் திருப்பித் தரணும்?"

"நாளைக்கு."

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே. நானும் ஒன்று எடுத்துப் பார்க்கிறேன்!"