தோசைதானே என்று அசட்டையாயிராதேயுங்கள்!



தலைநகரின் லக்ஷ்மிபாய் நகரில், அரசாங்கக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்பது வயது மகளுக்குச் செலியாக் வியாதி என்று மருத்துவர் கூறி ஆறு மாதங்கள் ஆகின்றன. அன்றுமுதல் சப்பாத்தி, ரொட்டி, பிஸ்கட் யாவும் அவள் தட்டிலிருந்து அகற்றப்பட்டன. பிள்ளையும் தேறி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் போன அவர்கள் ஒரு தென்னிந்திய உணவகத்தில் அமர்ந்தார்கள். "இவளுக்குத் தோசை போதும், அரிசியும் உளுந்தும்தானே" என்று தாயார் வாங்கிக் கொடுத்தார். அன்றிரவு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தவறு எங்கே நேர்ந்தது?

இது எப்படிப்பட்ட வியாதி?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. செலியாக் வியாதி உள்ளவர் அதை உண்ணும்போது, சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. ஆகாரத்தின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்போன்ற பாகங்கள் தேய்ந்துபோகின்றன. சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் உண்டாகும். வேறு சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இராது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அடங்காத இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு பலவீனம் ஆகியவையே அடையாளமாயிருக்கும்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்து தேசத்தில் ரொட்டி கிடையாத பஞ்சம் உண்டாயிற்று. அப்பொழுது இவ்வியாதியுள்ள பிள்ளைகள் தேறினதையும், ரொட்டி திரும்ப வந்தபோது அவர்கள் மறுபடியும் நலிந்ததையும் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமையே காரணம் என்று தாம் முன்னரே கொண்டிருந்த எண்ணம் அவருக்கு உறுதியாயிற்று. இன்றுவரை இதற்கு வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை.

"இது வடநாட்டார் வியாதி" என்பது சரியா?

நம்மவர் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் சோதிக்கப்பட்டார்கள். வடக்கே ஆயிரம் பேரில் 8 அல்லது 9 பேருக்கு இவ்வியாதி இருந்தது. தெற்கிலோ பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே இருந்தது. ஆனால் இவ்வியாதிக்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் இரு பகுதியாரிடமும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காணப்பட்டன. பெரிய வேற்றுமை ஆகாரத்தில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம் மாத்திரமே.

நாமோ தில்லிக்கு வந்து, இட்லியை விட்டுப் பராட்டாவுக்கும், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கும் மாறியிருக்கிறோம். ஆகையால் "நமக்கு வராது" என்று எவரும் இருந்துவிட வேண்டாம்.

ஒளிந்திருக்கும் கோதுமை

இப்பொழுது அந்தத் தோசைக்கு வருவோம். மாவில் குற்றமில்லை. ஆனால் அதே கல்லில் சற்று முன்பு ரவா தோசை வார்த்திருந்தால், அதன் துகள்கள் இந்தத் தோசையில் ஒட்டும். சாம்பாரில் இட்ட பெருங்காயத்தைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. உளுந்து வடையில் கோதுமை இல்லாவிட்டாலும், சமோசாவும் பூரியும் பொரித்த எண்ணெயில் அது வெந்தால் பயன் என்ன? நெருப்பின் சூடு குளூட்டனை அழிப்பதில்லை.

சோயா சாஸில் கோதுமை உண்டு. கோபி மஞ்சூரியனில் மைதா சேர்ப்பது வழக்கம். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. பானிபூரி பெரும்பாலும் ரவையினால் செய்யப்படுகிறது. தந்தூரி கோழி, ரொட்டி சுடும் அதே அடுப்பில் வேகிறது.

"ஒரு துளிதானே" என்பீர்கள். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் சேதமடையக்கூடும் என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் அதன் நாற்பதில் ஒரு பங்கே தீங்குக்குப் போதுமானது.

உணவகத்தில் செய்யவேண்டியவை

1. கூட்டமில்லாத வேளையில் செல்லுங்கள். பரிமாறுகிறவரோடு நிற்காமல், சமையற்காரரிடமே கேளுங்கள்.

2. "குளூட்டன்" என்றால் அநேகருக்கு விளங்காது. கேஹூ, ஆட்டா, மைதா, சூஜி, தலியா, ஜௌ ஆகிய இந்தி வார்த்தைகளைச் சொல்லி, "இவற்றில் ஒன்றும் சேரக்கூடாது, சேர்ந்தால் பிள்ளை வியாதிப்படுவாள்" என்று விளக்குங்கள். இதை இந்தியில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

3. கழுவித் துடைத்த தனிக் கல் அல்லது தனி வாணலி, புதிய எண்ணெய், தனிக் கரண்டி கேளுங்கள். முடியாது என்றால் கோபப்படாமல் எழுந்து வாருங்கள். உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

4. ஆவியில் வெந்த இட்லி, வெறுஞ்சோறு, தயிர், உரித்து உண்ணும் பழம், அவித்த முட்டை ஆகியவற்றில் ஆபத்து குறைவு. சாம்பாருக்குப் பதிலாக வீட்டுப் பொடியைக் கொண்டுபோங்கள்.

5. பொட்டலங்களில் "குளூட்டன் இல்லாதது" என்ற குறிப்பைத் தேடுங்கள். நம் நாட்டு விதிப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

லக்ஷ்மிபாய் நகரிலுள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியானாலும் வேறெந்தப் பள்ளியானாலும், வகுப்பாசிரியரிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் டிபனைப் பகிர்ந்துகொள்வது அன்பின் செயலே. இவளுக்கோ அது வேதனையாய் முடியும்.

நம்முடைய பந்தியில்

சபையாருக்கும் ஒரு வார்த்தை. கர்த்தருடைய பந்தியில் கோதுமை அப்பத்தை எடுக்கமுடியாமல், பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் ஒரு விசுவாசி உங்கள் நடுவில் இருக்கலாம். அவருக்கென்று அரிசி மாவினால் செய்த அப்பத்தை, மூடிய தனித் தட்டில், தனிக் கிண்ணத்தோடு வையுங்கள். ஐக்கிய விருந்திலும் அவருக்கு முதலாவது பரிமாறுங்கள். கரண்டிகள் கலந்தபின் பயனில்லை. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஜெபித்துச் சாப்பிடு" என்று மாத்திரம் ஒருவரையும் வற்புறுத்தாதேயுங்கள். அது விசுவாசத்தைப் பரீட்சிக்கும் காரியமல்ல.

இவ்வடையாளங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள் லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலேயே இருக்கின்றன. முதலில் இரத்தப் பரிசோதனையும், பின்பு தேவையானால் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்வார்கள். பரிசோதனை முடியுமுன்னே நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதேயுங்கள். நிறுத்தினால் முடிவு தவறாக வரக்கூடும். ஒருவருக்கு வியாதி உறுதியானால், பெற்றோரும் உடன்பிறந்தாரும் சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வெளியே போகாமலிருக்க வேண்டியதில்லை. தாயார் கையில் அந்தச் சீட்டும், பையில் ஒரு சிறு பொடி டப்பாவும் இருக்கட்டும். சமையற்காரரிடம் இரண்டு நிமிஷம் பேசக் கூச்சப்படாதிருக்கட்டும். பிள்ளையும் மற்றவர்களோடு உட்கார்ந்து, பயமின்றிச் சாப்பிடுவாள்.