பழமுரசின் குரல்

சென்ற மாரிகாலத்தில் இலண்டன் மாநகரின் வடபுறத்தில், என் தமக்கையின் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். கிழமை நாட்களிற் கணக்காளனாகவும் சனிக்கிழமை இரவுகளில் ட்ரம் வாசிப்பவனாகவும் வாழ்பவன் அவன். எனக்கென்று ஒழித்துத் தந்த மாடியறையின் மூலையிலே பழைய ட்ரம் தொகுதியொன்று வீற்றிருந்தது. கருமையும் வெண்சாம்பலும் சுழித்தோடும் சிப்பிநிற உறை அதனைப் போர்த்தியிருந்தது. கூட்டின் உட்புறத்தில் 1964ஆம் ஆண்டுத் திகதியொன்று சிவப்பு மையால் முத்திரை குத்தப்பட்டிருந்தது. சிக்காகோ நகரில் லட்விக் கொம்பனியார் செய்த தொகுதி அது.

விலையைக் கேட்டுத் திடுக்குற்றேன். “தம்பி, இந்தக் காசுக்குப் புதிசா இரண்டு வாங்கலாமே?” என்றேன்.

“வாங்கலாம் மாமா. ஆனா இந்தச் சத்தத்தை வாங்கேலாது” என்றான் அவன்.

மரக்கூடும் தோலும் திருகாணியுமாகிய ஒரு பொருளில், அறுபது ஆண்டுகளுக்கு முன் இருந்து இன்று அரிதாகிவிட்ட அந்தச் சத்தம் யாது? அது மெய்தானா, அன்றிப் பழமைமீது மாந்தர் கொள்ளும் மயக்கமா? அந்த ஒரு மாதமும் இவ்வினாவுக்கு விடை தேடினேன். தேடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த ட்ரம்களின் வாய்விளிம்பைச் சீவிப் புதுப்பித்துத் தருவதாகப் பழுதுபார்ப்பவர் ஒருவர் கூறியிருந்தார். இசைவதா, மறுப்பதா என்று மருமகன் தடுமாறிக்கொண்டிருந்தான்.

மிதியாற் பிறந்த வாத்தியம்

ட்ரம் தொகுதி ஒரு தனி வாத்தியமன்று. பல வாத்தியங்களின் கூட்டுக் குடும்பம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்து அணிவகுப்புகளிலே பெரிய பேஸ் ட்ரம்மை ஒருவர் முழக்குவார். அடித்தோலிற் கம்பிகள் அதிரும் ஸ்நெயர் ட்ரம்மை வேறொருவர் வாசிப்பார். சிம்பல்களை மோதுவதற்கு இன்னொருவர் இருப்பார். ஆடல் மண்டபங்களுக்குள்ளே வாசிக்க வந்தபோது, இத்தனை பேருக்கு அங்கே இடமும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே ஒருவரே அனைத்தையும் வாசிக்க வழி தேடினர். விரைந்து இயங்கும் கால்மிதியொன்றை ஆக்கி, 1909ஆம் ஆண்டிற் சிக்காகோவில் தொழில் தொடங்கியவர்களே வில்லியம் லட்விக்கும் அவர் சகோதரர் தியோபோல்டும். பேஸ் ட்ரம்மைக் கால் ஏற்றுக்கொண்டது. கைகளுக்கு விடுதலை கிடைத்தது.

தோல் பேசும் மொழி

ட்ரம்மின் குரலை விளங்கிக்கொள்ள நமது மிருதங்கமே நல்ல துணை. சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியை மாணவர் சிலர் அறிந்திருப்பர். வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலை அடித்தால் அடிச்சுரத்தோடு பல மேற்சுரங்களும் எழும். அடிச்சுரத்தின் அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால், கணிதப்படி அடுத்தவை 1.59, 2.14, 2.30 என வரும். 1, 2, 3 என்னும் இசைவான முறை அங்கே இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கருஞ்சாந்துதான் அந்த முறையை உண்டாக்குகின்றது. அதனாலேயே மிருதங்கம் சுருதியோடு சேர்ந்து பாடுகின்றது என்பதை இராமன் காட்டினார்.

மேனாட்டு ட்ரம்முக்குச் சாந்து இல்லை. எனவே, இசைவற்ற அந்த மேற்சுரங்களில் எவற்றை அடக்குவது, எவற்றை எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது என்பதே அதனைச் செய்வோரின் கலையாகும். பழைய ட்ரம்மின் இரகசியம் முழுவதும் இந்த அடக்கத்திலே இருக்கின்றது.

1950களின் நடுப்பகுதிவரை ட்ரம்களுக்குக் கன்றுத்தோலே போர்த்தினர். அது ஈரக்காற்றிலே தளரும், வெப்பத்திலே இறுகும். பறையைத் தீயிற் காய்ச்சி எடுப்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்க வாத்தியக்காரரோ பேஸ் ட்ரம்மின் வயிற்றுக்குள்ளே மின்விளக்கொன்றை எரியவிட்டுத் தோலை உலர வைத்தனர். 1956இற் சிக் எவன்ஸ் என்பவரும் 1957இல் றீமோ பெல்லி என்பவரும் பொலியெஸ்ரர்த் தகட்டினாலான செயற்கைத் தோலை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அது மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. அதன் ஒலியோ கன்றுத்தோலினும் உரத்தது, துலக்கமானது.

ஆனால் தோல் மாறிய வேகத்திற் கூடு மாறவில்லை. கன்றுத்தோலின் மென்குரலுக்கென்று வகுத்த அதே கூட்டின்மீது இப்புதிய தோலைப் பூட்டினர். இன்று சேகரிப்போர் பெரிதும் விரும்பும் 1950களின் இறுதியும் 1960களும் இந்தக் கலப்புக் காலமே. புதுத்தோலின் துலக்கத்தைப் பழங்கூட்டின் அடக்கம் கட்டுப்படுத்தியது. எவரும் திட்டமிட்டு இதனைச் செய்ததாகத் தெரியவில்லை. காலம் செய்த இணக்கம் எனலாம்.

கூடும் விளிம்பும்

அக்காலத்து லட்விக் கூடு மூன்று மெல்லிய மர அடுக்குகளை வளைத்து ஒட்டியது. மஹோகனி, பொப்லர், மேப்பிள் ஆகிய மரங்கள் அதிற் பயன்பட்டன. மெல்லிய கூடு வட்டம் குலையாதிருக்க, வாய்ப்புறத்தின் உள்ளே மேப்பிள் வளையமொன்றைச் சேர்த்தனர். அதன் விளிம்பு கத்திமுனைபோற் கூராக இராது. பலர் கால்பட்டுத் தேய்ந்த படிக்கல்லின் ஓரம்போல உருண்டிருக்கும். தோல் அந்த விளிம்பில் அகலமாகப் படிகின்றது. படிந்த இடம் கீச்சுக்குரலான மேற்சுரங்களை விரைவில் விழுங்கிவிடுகின்றது. அதனால் அடிச்சுரம் மேலோங்கும்; ஒலி தடித்து எழுந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, அடங்கிவிடும்.

புறூக்ளினில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய கிறெற்ஷ் கொம்பனியாரின் வழி வேறு. 1950களின் இறுதியில் அவர்கள் மேப்பிளும் கம் மரமும் கலந்த ஆறடுக்குக் கூட்டைக் கைக்கொண்டனர், உள்வளையத்தை விட்டனர், விளிம்பை 30 பாகையிற் சரித்தனர், தோலைப் பிடிக்க வார்ப்பு உலோக வளையம் பூட்டினர், உட்புறத்தில் வெள்ளிநிறப் பூச்சுப் பூசினர். மக்ஸ் றோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், ரொனி வில்லியம்ஸ் ஆகிய ஜாஸ் மேதைகள் வாசித்தவை இவைதாம். 1964 டிசெம்பர் 9ஆந் திகதி, நியூ ஜேர்சி மாநிலத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஜோன் கொல்ற்றேன் குழுவினர் ‘எ லவ் சுப்ரீம்’ இசையைப் பதிவு செய்தபோது, எல்வின் ஜோன்ஸின் கைகளில் ட்ரம்கள் தாளம் சொல்வதோடு நில்லாமல் உரையாடுவதை இன்றும் கேட்கலாம்.

பின்னாளில் மேடைகள் பெருத்தன, ஒலிபெருக்கிகள் ஓங்கின. 1970களின் பிற்பகுதியில் லட்விக் கொம்பனியாரும் மூன்றடுக்கைக் கைவிட்டு ஆறடுக்குக்கு மாறினர். பலர் தடித்த கூடும் 45 பாகைக் கூர்விளிம்பும் விரும்பினர். தோல் நூலளவு இடத்திலே தொட்டுநின்றது. ஒலி துலங்கியது, நீண்டது, தொலைவுக்கும் எட்டியது. அது குறையன்று, வேறொரு குணம்.

ஒரு ஞாயிறு இரவு

1964 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நியூ யோர்க் நகரில் எட் சலிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் பீற்றில்ஸ் குழுவினர் தோன்றினர். 7 கோடி 30 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர் என்பது கணக்கு. றிங்கோ ஸ்ரார் வாசித்த ட்ரம்மின் முகத்திலே லட்விக் என்ற பெயர் துலங்கியது. முந்திய ஆண்டு இலண்டன் சாவ்ற்ஸ்பரி அவெனியூவில் இருந்த ட்ரம் சிற்றி என்னும் கடையில், அந்தக் கருஞ்சிப்பி நிறத்தின் அழகுக்காகவே அவர் லட்விக்கைத் தெரிந்தெடுத்தார் என்று கூறுவர். ஒலிக்காக அன்றி நிறத்துக்காகச் செய்த தெரிவு பின்னர் ஓர் ஊழியின் ஒலியாகிவிட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடொன்றில், இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பிலே அப்பாடல்களைக் கேட்ட சிறுவருள் நானும் ஒருவன். சொற்கள் விளங்கவில்லை, தாளம் விளங்கிற்று.

அமெரிக்க இளைஞர் கூட்டம் ட்ரம் கடைகளை மொய்த்தது. சிக்காகோத் தொழிற்சாலை இரவு பகலாக இயங்கியது. அவசரத்தின் அடையாளம் பொருளிலும் தெரிகின்றது. தொடரிலக்கங்கள் ஒழுங்காக ஓடுவதில்லை. விளிம்புகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையிற் பிறந்த இரு ட்ரம்கள் இரு குரலிற் பேசுகின்றன. சேகரிப்போருக்கு அந்த வேறுபாடே தேன்.

அவர்கள் தேடுவது ஒலியை மட்டுமன்று. ஜீன் குறுப்பா 1930களிற் புகழேற்றிய சிலிங்கர்லான்ட் நிறுவனத்தின் றேடியோ கிங் ஸ்நெயர், ஒரே மேப்பிள் பலகையை நீராவியில் வளைத்துச் செய்த கூட்டினால் மதிப்புப் பெற்றது. உலகப் போரின்போது 1942இல், ஒரு வாத்தியத்தின் நிறையிற் பத்திலொரு பங்குக்குமேல் உலோகம் இருத்தலாகாது என அமெரிக்க அரசு கட்டளையிட்டது. திருகாணி ஏந்தும் உறுப்புகளையும் வளையங்களையும் மரத்தாற் செய்து சமாளித்தனர். அன்று வறுமையின் கோலமாக இருந்த அவை இன்று கிடைத்தற்கரியன. றிங்கோவின் முதல் லட்விக் தொகுதி 2015 டிசெம்பரில் நடந்த ஏலத்தில் 20 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அந்தப் பணம் மரத்துக்குக் கொடுத்த விலையன்று; நினைவுக்குக் கொடுத்த விலை.

பணம் புகுந்த இடத்திலே பொய்யும் புகும். ஒன்றின் உறுப்பை இன்னொன்றிற் பூட்டி விற்போர் உளர். ஆகவே மெய்யறியச் சில வழிகள் கண்டுள்ளனர். பழைய வெண்சிப்பி உறை செலுலோயிட்டினால் ஆனது; ஆண்டுகள் செல்ல வெண்ணெய்போல் மஞ்சளாகும். உலோக உறுப்பைக் கழற்றினால், ஒளி படாத அவ்விடத்திலே ஆதிநிறம் குன்றாதிருக்கும். அந்த வடிவும் உறுப்பின் வடிவும் பொருந்தினால் அது பிறந்த நாள் தொட்டே அங்கிருந்தது என்று துணியலாம்.

கேட்டுப் பார்த்த கதை

இனி என் ஐயத்துக்கு வருகின்றேன். பழைய ட்ரம்மிலே அதிகம் பேசும் உறுப்பு தோல். அதுவோ தேயத்தேய மாற்றப்படுவது. மருமகனின் 1964ஆம் ஆண்டு ட்ரம்மிற் பூட்டியிருந்த தோல் சென்ற ஆண்டில் வாங்கியது. அப்படியாயின் பழமை எங்கே இருக்கின்றது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சோதித்தேன். 13 அங்குலப் பழைய டொம்-டொம் ஒன்றுக்கும், அதே அளவான புதியதொன்றுக்கும் ஒரே வகைத் தோலைப் பூட்டி, ஒரே சுருதியில் நிறுத்தச் சொன்னேன். சுவரைப் பார்த்திருந்து கேட்டேன். வேறுபாடு ஐயமறத் தெரிந்தது. ஆனால் நான் மெச்சியது புதியதையே! அதன் குரல் நீண்டு, மணிபோல் ஒலித்தது. மருமகன் சிரித்தான். பின்னர் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அதனோடு இரண்டையும் மாறிமாறி வாசித்தான். இப்போது புதியதின் நீண்ட ஒலி பாடகியின் சொற்களோடு மோதியது. பழையதோ தன் சொல்லைச் சொல்லிவிட்டு, பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. தனித்து நின்றாற் புதியது வெல்லும். கூடி வாசித்தாற் பழையது வெல்லும் என்று என் செவிக்குப் பட்டது.

வயது ஒன்றே குரலை இனிமையாக்கிவிடாது. அதே மூன்றடுக்கும் அதே உருண்ட விளிம்புமாக இன்று செய்யும் ட்ரம்கள் அந்த ஒலியை மிக நெருங்குகின்றன. நம் செவியும் அக்கால இசைத்தட்டுகளாற் பழக்கப்பட்டதே. ட்ரம் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று அவை நமக்குக் கற்பித்துவிட்டன. ஆயினும் மெய்யாகிய ஒரு பங்கு எஞ்சுகின்றது. அது மெல்லிய கூட்டிலும் சில மில்லிமீற்றர் அகலமான மழுங்கிய விளிம்பிலும் இருக்கின்றது. பழுதுபார்ப்பவர் சீவ விரும்பியது அந்தச் சில மில்லிமீற்றரைத்தான்.

அன்றிரவு மருமகனுக்கு என் கதையொன்றைச் சொன்னேன். என் தந்தையார் இசைநாடகங்களுக்கு வாசித்த ஆர்மோனியம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் மறைந்த பின்பு, இரண்டு கட்டைகள் பேசவில்லை என்று அதனைத் திருத்தக் கொடுத்தேன். எல்லாவற்றையும் புதிதாக்கும்படி கேட்டவனும் நானே. றீட்டுகள் முழுவதும் மாறின, பெட்டி பளபளத்தது, சுருதி சுத்தமாக நின்றது. பெருமையோடு தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, “இது கொப்பற்ற பெட்டியில்லைத் தம்பி” என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டார். பழைய றீட்டுகள் எங்கே என்று மறுநாள் ஓடிப்போய்க் கேட்டேன். எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் பழுதுபார்ப்பவருக்கு வேண்டாமென்று அறிவித்துவிட்டான். அந்த ட்ரம்மை அவன் கண்ணாடிப் பெட்டியிலும் பூட்டிவைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு திருமண மண்டபத்துக்கு அதனையே கொண்டு போனான். விளிம்பில் ஓரிடம் சற்றுப் பள்ளமானது. அவ்விடத்துத் திருகாணியை மற்றவற்றிலும் அரைச்சுற்றுக் குறைவாக முடுக்கினாற்றான் தோல் சீராக நிற்கும். மங்கிய வெளிச்சத்திலே குனிந்திருந்து, விரல்நுனியாற் தட்டித் தட்டி, அவன் அந்த அரைச்சுற்றைத் தேடிக்கொண்டிருந்ததைப் பின்வரிசையில் இருந்து பார்த்தேன்.