மயிலிட்டிக் காற்றுக்கு எந்த ஆணி?

ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சானின் பயணப் பெட்டியில், சொக்லேற், கோப்பித் தூள், சப்பாத்து எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. பற்றரியில் ஓடி ஆணி அடிக்கும் மெஷின். "உங்களுக்கு வீட்டு வேலை நடக்குதெல்லோ அத்தான், கழிவு விலையிலை போட்டிருந்தாங்கள். வாங்கிப்போட்டன்" என்றார். வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றோம். அடப்ரரைப் போட்டு சாஜரைச் சுவரில் செருகினோம். ஒரு நிமிடம் ஆகவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், பிளாஸ்ரிக் கருகிய மணம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. சாஜரின் முதுகில் அது சின்ன எழுத்தில் அச்சடித்தே இருந்தது. படித்தவர்கள், மச்சானும் நானும், இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை.

230 வோல்றுக்குப் பொருந்தும் சாஜரைக் கொழும்பில் தேடி எடுப்பதற்கு இரண்டு மாதம் போனது. அந்த இரண்டு மாதத்திலும் தெருவால் போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்: "உது நல்லதோ? கைத்தொலைபேசியிலை மலிவாக் காட்டுறாங்கள், வாங்கலாமோ?" யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கும் எங்கள் மயிலிட்டியில் இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 1990 யூன் நடுப்பகுதியில் போரால் ஊர் முழுவதும் எழும்பிப் போனது. 2017 யூலை 3இல் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய 54 ஏக்கரையும் இராணுவம் விட்டபோது திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்கள், நிலையும் கதவும் இல்லாத வாசல்கள். மிச்சக் காணிகளில் பிறகு வந்தவையும் துண்டு துண்டாகத்தான் வந்தன. ஆகவே இங்கே எப்போதும் யாரோ ஒருவருக்குக் கூரை ஏறுகிறது, யாரோ ஒருவருக்கு அலுமாரி செய்யவேண்டியிருக்கிறது. தச்சருக்குக் காத்திருந்து அலுத்தவர்கள், ஒரு மெஷின் இருந்தால் நாமே அடித்துவிடலாமே என்று நினைப்பது இயல்பு.

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்குத் துப்பாக்கி என்றே பெயர். அப்படியே தமிழாக்கி 'ஆணித் துப்பாக்கி' என்று சொல்லலாம்தான். ஆனால் 27 வருடம் முட்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரில், "வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது" என்று வாய் வருவதில்லை. இங்கே எல்லோரும் 'நெயிலர்' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நெயிலர் பிறந்த கதை எங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலைத் தருகிறது. 1940களில் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹவர்ட் ஹியூஸ், எச்-4 ஹெர்குலிஸ் என்ற பிரமாண்டமான மர விமானத்தைக் கட்டினார். 1947 நவம்பர் 2இல் ஒரே ஒரு தடவை பறந்த விமானம் அது. மெல்லிய பலகைகளை அடுக்கிப் பசை போட்டு ஒட்டி, பசை காயும்வரை பிடித்திருப்பதற்காக ஆணி அடித்தார்கள். காய்ந்தபின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த வேலைக்கென்று மொரிஸ் பைனூஸ் என்ற பொறியாளர் செய்ததையே முதல் நெயிலர் என்று சொல்வார்கள். பசை காயும்வரை பிடித்திருக்கும் ஆணி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பிறகு அது வட அமெரிக்கக் கட்டட வேலையில் புகுந்தது. மச்சான் இருக்கும் ஸ்காபரோ வீட்டைப் பாருங்கள். வெளியில் செங்கல் தெரிந்தாலும் உள்ளே சுவர், தளம், கூரை எல்லாம் பைன் சட்டமும் பலகையும்தான். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆணி போகும். அங்கே நெயிலர் இல்லாமல் தொழில் இல்லை. எங்கள் வீடு சீமெந்துக் கல். மரம் இருப்பது கூரையில், நிலையில், கதவு யன்னலில். அதுவும் பைன் போலப் பஞ்சு மரம் இல்லை. பனை, முதிரை, பாலை, வேம்பு.

சாஜர் வந்த பிறகு ஊரில் தச்சுவேலை செய்யும் அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். கோணாப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கொட்டில் போட்டுக் கொட்டில் போட்டே கை பழகியவர். பட்டறையில் கிடந்த மரத் துண்டுகளை வரிசையாக வைத்தார். மெஷினில் போட்டது 18 கேஜ் ஆணி, நீளம் 50 மில்லிமீற்றர். கேஜ் என்பது தலைகீழ்க் கணக்கு: எண் கூடக் கூட ஆணி மெலியும். 18 கேஜ் என்றால் ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தடிப்பு. தலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு கம்பித் துண்டின் முனையை நசுக்கியதுபோல.

பிளைவூட்டில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இறப்பர்ப் பலகையிலும் பரவாயில்லை. வேம்பில் ஆணித்தலை இரண்டு மில்லிமீற்றர் வெளியே நின்றது. முதிரையில் முதல் ஆணி பாதியில் வளைந்தது. இரண்டாவது மரத்தின் ரேகையைப் பிடித்துக்கொண்டு வளைந்து பக்கவாட்டால் வெளியே எட்டிப் பார்த்தது. அண்ணை மரத்தைப் பிடித்திருந்த கைக்கும் அந்த ஆணி முனைக்கும் இடையில் ஒரு விரற்கிடை. கடைசியில் பனஞ்சலாகை. கருவைரத்தில் வைத்து அழுத்தினோம். ஆணி மடிந்து பல் குத்தும் குச்சிபோலக் கீழே விழுந்தது. உள்பக்கச் சோற்றியில் அடித்தால் இறங்கியது, ஆனால் கையால் இழுக்கவே கழன்று வந்தது.

"உது மரத்துக்கில்லைத் தம்பி, மட்டைக்கு" என்றார் அண்ணை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பசை போட்டிட்டு அடிச்சா, பசை இறுகுமட்டும் பிடிச்சிருக்கும். அதுக்குத் திறம்" என்றும் சொன்னார். ஹவர்ட் ஹியூஸைப் பற்றி அவருக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மெஷின் பலவீனமானது என்பதல்ல இங்கே விஷயம். பற்றரி நெயிலர்களில் சிலவற்றில் மோட்டர் ஒரு பாரச் சக்கரத்தைச் சுழற்றி, அந்த வேகத்தில் ஆணியை அறைகிறது. சிலவற்றில் அடைத்துவைத்த வாயுவை மோட்டர் அழுத்தி, விடுவிக்கும்போது அது உதைக்கிறது. இன்னும் சில உள்ளேயே சின்னதாய்க் காற்று அடைத்துக்கொள்கின்றன. மலிவானவற்றில் சாதாரணச் சுருள்வில்லும் உண்டு. நாளாக நாளாக அது தளரும். பெட்டியில் 50 என்று போட்டிருப்பது மென்மரத்துக்கு. எங்கள் மரத்தில் 50 இறங்கவேண்டுமென்றால், அந்த மெஷின் மலிவாக இருக்காது. கூரைச் சட்டம் அடிக்கும் பெரிய நெயிலருக்கு ஆணி மூன்று மில்லிமீற்றர் தடிப்பு வரும். விலையும் பாரமும் வேறு வகுப்பு. அதைக் கொண்டுவந்தாலும் பனைக்கு முன்துளை போட்டே ஆகவேண்டும். முன்துளை போட்டுவிட்டால் பிறகு திருகாணி போடுவதுதானே? டிரில் ஏற்கனவே கையில் இருக்கிறது.

இப்போது காற்றுக்கு வருவோம். மயிலிட்டியில் யன்னலைத் திறந்தால் கடல். அலை உடையும்போது எழும் உப்புத் துகள் கரையை ஒட்டிய சில நூறு மீற்றருக்குள் மிகுதியாகப் படியும். துறைமுகத்துப் பக்கத்து வீடுகள் எல்லாம் அதற்குள்தான். இங்கே கேற்றுக் கொண்டி, சைக்கிள் செயின், யன்னல் கம்பி எதையும் பாருங்கள், கறள் எவ்வளவு வேகம் என்று தெரியும். இரும்பு கறள் பிடிக்கும்போது பருக்கும். பருத்து மரத்தைப் பிளக்கும், சீமெந்தையே உடைக்கும். கூரையற்றுக் கிடந்த வீடுகளின் பிளேற்றில் கம்பி வெளியே தள்ளி நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நெயிலருக்கென்று பெட்டியில் வரும் மெல்லிய ஆணிகளுக்குப் பொதுவாக மின்முலாம்தான் போட்டிருக்கும், சில மைக்ரோன் தடிப்பில். உருகிய நாகத்தில் முக்கியெடுத்த கல்வனைஸ் ஆணிக்கு அதைவிடப் பல மடங்கு தடித்த பூச்சு. எவர்சில்வர் ஆணி, அதிலும் கடலுக்கென்று வரும் 316 தரம், இன்னும் நல்லது. நெயிலருக்குப் பொருந்தும் அளவில் அதை இங்கே கண்டுபிடிப்பது பெரும்பாடு. சுத்தியல் எந்த ஆணியையும் அடிக்கும். நெயிலர் தன் வாய்க்குப் பொருந்தும் ஆணியை மட்டுமே அடிக்கும். ஒரு மில்லிமீற்றர்க் கம்பியில் கறள் தின்ன எவ்வளவு இருக்கிறது? அலுமாரிக்குள் இருக்கிற ஆணி பிழைத்துக்கொள்ளும். வெளி யன்னலின் சட்டத்தில், வேலிப் படலையில், தகரத்தில் பிழைக்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது கூரைத் தகடுகளைப் பிடித்து வைத்தது எது என்று அன்றிரவு விழித்திருந்தவர்களைக் கேளுங்கள். காற்று தகட்டைக் கீழிருந்து மேலே இழுக்கும். அதை எதிர்ப்பது ஆணியின் தலையும் திருகின் புரியும். தலையில்லாத ஆணிக்கு அங்கே வேலையில்லை.

படகுக்கு உதவுமா என்று கேட்டார் கடற்றொழில் செய்யும் ஒருவர். இந்தக் கரையின் கட்டுமரம் பெயருக்கேற்றபடி கயிற்றால் கட்டியது. ஆணிக்கு வேலை இருந்தது வள்ளத்திலும் பாய்க்கப்பலிலும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எங்கள் ஆட்கள் செலுத்த 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போனது. அந்த ஓடாவிகளின் கையில் இந்த மெஷினைக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ. இன்று துறையில் நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். அவற்றில் ஆணி அடித்தால் வெடிப்புத்தான் வரும்.

பற்றரிக்கு வருவோம், ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் அதுதான். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு வரக்கூடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். அதனால்தானோ என்னவோ, பற்றரி சாமான் என்றால் எங்களுக்கு ஒரு தனி ஆசை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, பற்றரி டிரில் வைத்திருந்தவர்தான் வேலையைத் தொடர்ந்தார் என்பதும் உண்மை.

ஆனால் '21 வோல்ற்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்கவேண்டாம். ஐந்து லித்தியம் செல்களைத் தொடராக இணைத்தால், சாதாரணமாக ஒன்று 3.6 வோல்ற், மொத்தம் 18. முழுதாக நிறைந்திருக்கும்போது ஒன்று 4.2, மொத்தம் 21. ஒரே பொருள்தான். 20 என்று போடுபவர்களும் அதையேதான் விற்கிறார்கள். பெயர் தெரியாத கொம்பனியின் நெயிலரை எடுத்தால் அதற்கென்று ஒரு பற்றரி, அதற்கென்று ஒரு சாஜர். இரண்டு வருடத்தில் பற்றரி செத்தால் மெஷினும் சேர்ந்து சாகும். ஆணியைத் தள்ளும் உருக்குப் பட்டி தேய்ந்தால் மாற்றுவதற்கு யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. உங்களிடம் ஏற்கனவே மகிற்றாவோ பொஷ்ஷோ டோட்டலோ இங்கோவோ ஒரு டிரில் இருந்தால், அதே பற்றரியில் ஓடும் நெயிலர் அந்தக் கொம்பனியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மெஷினை மட்டும் வாங்கினால் போதும்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. மேலதிக லித்தியம் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. 100 வாற்-மணி வரை தடையில்லை. 18 வோல்ற், 5 அம்பியர்-மணிப் பற்றரி என்றால் 90. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்கவேண்டும். வாயுக் குப்பியில் வேலை செய்யும் நெயிலரின் குப்பியை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். கனடாவில் வாங்குகிறவர்கள் சாஜரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

விரலைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான கணக்கில், நெயிலர் காயத்துக்காக அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வருடத்துக்குச் சராசரி 37,000 பேர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு தொழிலாளர் அல்ல. வீட்டில் தாங்களே அடிக்கப் போனவர்கள். விசையை அழுத்திப் பிடித்தபடி மூக்கு படும் இடமெல்லாம் அடித்துக்கொண்டு போகும் வகையில், ஒவ்வொரு ஆணிக்கும் தனியாக விசை அழுத்தும் வகையைவிட ஆபத்து இரண்டு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள். மலிவான மெஷினில் இந்த இரண்டில் எது என்பதே பெட்டியில் தெளிவாக இருப்பதில்லை. வைர மரத்தில் ஆணி திரும்பி வரும் என்பதை எங்கள் பட்டறையிலேயே கண்டோம். மரத்தைப் பிடிக்கும் கை ஆணியின் நீளத்தைவிடத் தூரத்தில் இருக்கட்டும், கண்ணாடி போடுங்கள், சிறுவர் இருக்கும் வீட்டில் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்? பிளைவூட்டில் அலுமாரி, சமையலறைப் பெட்டி, படச் சட்டம், சுவர் ஓரப் பட்டி என்று உள்வேலை நாளாந்தம் செய்பவர் வாங்கலாம். பசை இல்லாமல் அடிக்கக்கூடாது. ஒரே பட்டறையில் இருந்து வேலை செய்பவருக்குச் சின்னக் கொம்பிரசரும் காற்று நெயிலரும் மலிவு, ஆயுளும் கூட. வீட்டுக்கு ஒரு கூரை, நாலு யன்னல் என்று இருப்பவர் அந்தக் காசைத் தச்சரின் கூலிக்குக் கொடுப்பது நல்லது. எங்கள் வீட்டில் சலாகைக்குத் துளை போட்டுத் திருகாணி முறுக்கினோம், றீப்பைக்குக் கல்வனைஸ் ஆணியைச் சுத்தியலால் அண்ணைதான் அடித்தார். நெயிலர் அலுமாரியின் முதுகுப் பலகைக்கு மட்டும் உதவியது.

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று நிற்பவர்கள், மெஷினுக்கு முன்னால் அதன் ஆணியில் ஒரு பெட்டி வாங்குங்கள். இரண்டு கிளாசில் கடல்தண்ணீர் எடுங்கள். ஒன்றில் அந்த ஆணி, மற்றதில் தச்சரிடம் வாங்கிய கல்வனைஸ் ஆணி. ஒரு கிழமை யன்னல் படியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.