மன்னர் செய்த கலப்படம்

பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரரிடம் சண்டை போடலாம். நாட்டின் நாணயத்தில் மன்னரே செம்பைக் கலந்தால் யாரிடம் போய் முறையிடுவது? சுமார் 650 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுகல் மக்கள் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

1367-ல் பெர்னாண்டோ அரியணை ஏறியபோது, தந்தை விட்டுச் சென்ற கஜானா நிரம்பி வழிந்தது. 1369-ல் அண்டை நாடான காஸ்டீலின் மன்னர் கொல்லப்பட்டார். அந்த முடியும் தமக்கே உரியது என்று பெர்னாண்டோ படையெடுத்தார். 1382-க்குள் மூன்று போர்கள் நடந்தன. முடி கிடைக்கவில்லை, கஜானா கரைந்ததுதான் மிச்சம்.

போர்ச் செலவுக்கு அக்கசாலை கைகொடுத்தது. பார்புடா, கிராவே, பிலார்த்தே என்று புதுக் காசுகள் வெளிவந்தன. பார்புடா என்றால் தலைக்கவசம். காசிலும் கவசம் அணிந்த தலையே இருந்தது. வெள்ளியோடு செம்பை ஏராளமாகக் கலந்து அடித்த காசு அது. ஆனால் அதற்கு விதித்த மதிப்போ 20 சோல்டோ, அதாவது முழுசாக ஒரு லிப்ரா!

இதில் லாபம் யாருக்கு? பத்துக் காசுக்கான வெள்ளியில் செம்பைச் சேர்த்து இருபது காசு அடித்தால், அதிகப்படியான பத்தும் அரசுக்கு. வியாபாரி ஏமாறவில்லை. காசின் தரத்தைப் பார்த்து விலையை ஏற்றினார். பழைய நல்ல வெள்ளிக் காசு பெட்டிக்குள் பதுங்கியது. ஏமாந்தவர் கூலிக்காரர்தான். எண்ணிக்கை குறையாமல் கூலி வந்தது. கடையில் அதற்குச் சாமான் குறைந்தது.

1371-ல் லிஸ்பனில் கூடிய பிரதிநிதிகள் சபையில் புகார் எழுந்தது. பிறகு காசுகளின் மதிப்பைக் குறைத்து ஆணை பிறந்தது. கையில் இருந்த பார்புடாவுக்கு மறுபடியும் அடி. 1375-ல் வந்த நிலச் சட்டமோ, வயலை விட்டுப் போனவர்களை மீண்டும் உழைக்கச் சொல்லி, கூலிக்கும் வரம்பு கட்டியது. விலைவாசிக்கு ஏற்பக் கூடுதல் கூலி கேட்கும் வழியும் அடைபட்டது.

அடுத்து வந்த முதலாம் ஜோவான் 1385-ல் அல்ஜுபரோட்டா போரில் காஸ்டீலை வென்று நாட்டின் சுதந்திரத்தைக் காத்தார். அந்தப் போருக்கும் காசில் செம்பு ஏறியது. தோற்ற போருக்கும் வென்ற போருக்கும் ஒரே மடிப்பையிலிருந்துதான் பணம் போயிற்று.

காசுக்கும், சொன்ன சொல் தவறாமைக்கும் நம் மொழியில் 'நாணயம்' என்று ஒரே பெயர். காசில் அது குறைந்தால் முதலில் உணர்பவர் மாதச் சம்பளக்காரரும் தினக்கூலிக்காரருமே. சம்பளக் கவரில் எத்தனை ரூபாய் என்பதை விட, அது எத்தனை படி அரிசி வாங்கும் என்பதே சரியான கணக்கு.