சேற்றுவழி சென்ற மோட்டார் வண்டியில் தோன்றும் சப்தங்களும் அவற்றின் காரணங்களும்

வயல்வெளிகளையும், ஆற்று மணலையும், வெள்ளம் வடிந்த வண்டிப்பாதைகளையும் கடப்பதற்காக, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் முதலிய வண்டிகளை நிலச் சொந்தக்காரர்களிற் பலர் வைத்திருக்கிறார்கள். விதையும் உரமும் ஏற்றுவதற்கும், மழைக்காலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதற்கும் சில கிராமங்களில் அவ்வண்டி ஒன்றே துணை. அத்தகைய வண்டி சேற்றிலிருந்து கரையேறிய மறுநாள் புதிதாக ஒரு சப்தம் செய்யுமாயின், அதை அலட்சியம் செய்வதும் தவறு. அஞ்சி யந்திரம் முழுவதையும் பிரித்துப் போடுவதும் தவறு. சப்தம் எப்பொழுது உண்டாகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

கழுவிப் பார்த்தல்:— முதற்கண் வண்டியின் அடிப்பாகத்தையும் சக்கரங்களின் உட்புறத்தையும் நன்றாகக் கழுவவேண்டும். சக்கர வளையத்தினுள் ஒருபுறமாகச் சேறு காய்ந்து ஒட்டினால், வேகத்தில் வண்டி நடுங்கும். பிரேக்குத் தட்டுக்கும் அதன் மறைப்புத் தகட்டுக்கும் இடையில் சிறு கல் சிக்கினால், கேட்கப் பொறாத கீச்சொலி எழும். வண்டியைச் சில கஜம் பின்னோக்கி மெதுவாகச் செலுத்தினாலே அக்கல் விழுந்துவிடுவதுண்டு. இவ்விரண்டும் செலவில்லாத பரிகாரங்கள். அடுத்தபடியாகச் சக்கர நட்டுகளையும், பட்டை வில்லைப் பிணிக்கும் யூ போல்ட்டுகளையும் முடுக்கிப் பார்க்கவேண்டும்.

சப்தத்தின் இடத்தை அறிதல்:— வண்டி நிற்கும்பொழுதும் எஞ்சின் வேகத்தோடு சப்தம் கூடிக் குறையுமானால், குறை எஞ்சின், கிளட்ச், கியர் பெட்டி இவற்றின் பக்கம் உள்ளது. ஓடும்பொழுது மட்டும் உண்டாகிச் சக்கர வேகத்தைத் தொடருமானால், அது சக்கரம், அச்சு, புரொப்பல்லர் ஷாப்டு இவற்றைச் சேர்ந்தது. இதனை மேலும் பகுத்தறிய ஒரு சுலபமான முறை உண்டு. டயரில் சுண்ணாம்புக் குறியிட்டு, வண்டியை நடை வேகத்தில் செலுத்தி, ஒருவர் பக்கத்தில் நடந்து கேட்கவேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு தடவை ஒலித்தால் குறை சக்கரத்தில் அல்லது பிரேக்கில் இருக்கும். நான்கு அல்லது ஐந்து தடவை ஒலித்தால் குறை ஷாப்டில் இருக்கும். ஏனெனில் இவ்வகை வண்டிகளில் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாப்டு ஏறக்குறைய அத்தனை முறை சுற்றுகிறது.

ஷாப்டின் கிராஸ்:— தண்ணீர் புகுந்து கிரீஸ் கரைந்தால் மெல்லிய கீச்சொலி முதலில் எழும். பின்னர் வண்டியைக் கிளப்பும்பொழுதும், முன்னும் பின்னும் மாற்றும்பொழுதும் 'டக்'கென்னும் ஒலி கேட்கும். எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, ஷாப்டைக் கையால் திருகிப் பார்க்கவேண்டும். பற்சக்கரங்களால் வரும் சிறிதளவு ஆட்டம் இயல்பே. கிராஸின் இருபுறக் கவைகளுக்கும் இடையே ஆட்டம் தென்பட்டால் கிராஸை மாற்றியே ஆகவேண்டும்.

சக்கர பேரிங்:— வேகத்துடன் வளரும் முழக்கமே இதன் அடையாளம். வலப்புறம் திரும்பும்பொழுது பாரம் இடச் சக்கரங்களின்மேல் விழும். அப்பொழுது முழக்கம் மிகுந்தால் இடப்பக்கத்து பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் நுழையலாகாது.

டிபரன்ஷியல்:— வேகம் கொடுக்கும்பொழுதும் விடும்பொழுதும் ஊளைபோன்ற ஒலி மாறி மாறி எழுந்தால் இதனைப் பரிசோதிக்கவேண்டும். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்பொழுது, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கித் தண்ணீரை மூச்சுத் துவாரத்தின் வழியாகவும் தேய்ந்த சீலின் வழியாகவும் உள்ளிழுக்கும். அதனால் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுக்கும். வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் அடித் திருகைச் சிறிது தளர்த்தினால் நீர் முதலில் சொட்டும். சொட்டினால் சப்தம் இல்லாவிடினும் எண்ணெயை உடனே மாற்றிவிடவேண்டும். தாமதித்தால் பற்களும் பேரிங்குகளும் துருவேறிக் கெடும்.

குறையல்லாத சப்தம்:— திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. 1941 முதல் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பெற்ற வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த பல வண்டிகளிலும், நான்கு சக்கர விசையைப் பூட்டியபின் இவ்வித்தியாசத்தை ஈடுசெய்ய வழியில்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தார் ரஸ்தாவில் முறுக்கம் ஏறி முனகலும் அதிர்வொலியும் எழும், நெம்புகோலும் இறுகும். வண்டியை நேராகச் சில கஜம் பின்னோக்கிச் செலுத்தி, நான்கு சக்கர விசையை விடுவித்தால் சப்தம் நீங்கும்.

இதை எழுதுபவன் ஒரு கார்த்திகை மாதத்தில், வாய்க்காலைக் கடந்த வண்டியின் முன்சக்கர முழக்கத்தைப் புது டயரின் ஒலியென்று எண்ணி இரண்டு நாள் விட்டுவைத்தான். மூன்றாம் நாள், பின்னால் ஆறு தொழிலாளர்கள் அமர்ந்திருக்க, வாய்க்கால் கரைமேல் பேரிங் நொறுங்கிச் சக்கரம் சாய்ந்தது. வண்டி மெதுவாகச் சென்றதால் எவருக்கும் காயமில்லை. கரையில் மிஞ்சியிருந்தது இரண்டு முழ அகலமே.

ஆகையால் முழக்கத்தோடு ஸ்டியரிங் ஆட்டமோ, சக்கர நடுவில் கைபொறாத சூடோ, கருகல் நாற்றமோ காணப்பட்டால், அவ்விடத்திலேயே வண்டியை நிறுத்தி ஆட்களை இறக்கிவிடவேண்டும். வெள்ளக் காலத்தில் வண்டிகளைப் பணிக்கு அழைக்கும் கிராம அலுவலர்கள், முந்திய நாள் நீரில் இறங்கிய வண்டியாயின், மேற்கூறிய சோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேட்டறிந்த பின்னரே அதில் ஜனங்களை ஏற்றவேண்டும். இச்சோதனைகளுக்கு ஒரு காலைப் பொழுது போதும்.