சென்னையின் தட்பவெப்பநிலை

தமிழ்நாட்டின் தலைநகரான சென்னை, வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் அமைந்த கடற்கரை நகரமாகும். இந்நகரம் வெப்பமண்டல உலர்-ஈரக் காலநிலையைக் கொண்டது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து காணப்படுகின்றன. ஆண்டு சராசரி மழையளவு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் ஆகும். இதில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. இம்மூன்று மாத மழையின் மிகுதியும் குறைவும் நகரின் வெள்ளத்தையும் குடிநீர்ப் பற்றாக்குறையையும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

அமைவிடமும் காரணிகளும்

சென்னை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 13 பாகை அகலாங்கில் அமைந்துள்ளது. இதனால் சூரியன் ஆண்டிற்கு இருமுறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும், நகரின் நேர் உச்சிக்கு வருகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 6 முதல் 7 மீட்டர் உயரமே உள்ள சமவெளியாகும். கூவம், அடையாறு, கொசத்தலையாறு ஆகிய ஆறுகள் இச்சமவெளி வழியாகக் கடலில் கலக்கின்றன.

கடலின் வெப்பநிலை நிலத்தைப் போல் விரைவாக மாறுவதில்லை. ஆகவே சென்னையில் கடுங்குளிர் ஏற்படுவதில்லை. கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும் வட இந்திய உள்நாட்டு நகரங்களைக் காட்டிலும் குறைவாகும். ஆயினும் கடலின் அண்மையால் காற்றில் ஈரப்பதம் மிகுவதால், வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பமானி காட்டும் அளவைவிடப் புழுக்கம் கூடுதலாக உணரப்படுவதற்கு இதுவே காரணம்.

பனிக்காலம் (சனவரி - பிப்ரவரி)

சனவரி மாதமே ஆண்டின் குளிர்ந்த மாதமாகும். இம்மாதத்தில் சராசரி உயர் வெப்பநிலை 29 முதல் 30 பாகை செல்சியஸ் ஆகவும், தாழ் வெப்பநிலை 20 முதல் 21 பாகை செல்சியஸ் ஆகவும் இருக்கும். மார்கழி, தை மாதங்களின் அதிகாலைகளில் பனி பெய்வதுண்டு. போகிப் பண்டிகையன்று பழைய பொருட்களை எரிப்பதால் எழும் புகை இப்பனியுடன் கலந்து தரையருகே தங்கிவிடுவதால், சில ஆண்டுகளில் விமானப் போக்குவரத்து தாமதமடைந்துள்ளது. பிப்ரவரியும் மார்ச்சும் ஆண்டின் மிக வறண்ட மாதங்களாகும்.

கோடைக்காலம் (மார்ச் - சூன் முற்பகுதி)

மார்ச் முதல் வெப்பம் படிப்படியாக உயர்கிறது. மே மாதத்தின் சராசரி உயர் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். பஞ்சாங்கத்தின்படி மே 4 ஆம் நாளையொட்டித் தொடங்கி ஏறத்தாழ 25 நாட்கள் நீடிக்கும் காலம் அக்கினி நட்சத்திரம் அல்லது கத்திரி வெயில் எனப்படுகிறது.

சூரியன் ஏப்ரல் இறுதியிலேயே உச்சிக்கு வந்துவிட்டாலும், கடும் வெப்பம் பெரும்பாலும் மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் பதிவாகிறது. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, நிலம் நாள்தோறும் பெறும் வெப்பம் சேர்ந்துகொண்டே செல்வது. இரண்டாவது, காற்றின் திசை மாறுவது. ஏப்ரலில் கடலிலிருந்து வீசும் தென்கிழக்குக் காற்று வெப்பத்தை ஓரளவு தணிக்கிறது. மே இறுதியில் மேற்கிலிருந்து, அதாவது சூடேறிய நிலப்பரப்பைக் கடந்து, வறண்ட காற்று வீசத் தொடங்குகிறது.

கடற்காற்று

பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிவடைந்து மேலெழும்ப, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று நிலத்தை நோக்கி நகர்கிறது. இதுவே கடற்காற்று ஆகும். இது நகருக்குள் நுழைந்ததும் வெப்பநிலை குறையத் தொடங்கும். கோடையில் மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்படுகிறது. கடற்காற்று நண்பகலுக்கு முன் நுழைந்தால் வெப்பம் அளவோடு நின்றுவிடும். பிற்பகல் வரை தாமதித்தால் 40 பாகையைத் தாண்டக்கூடும். கடற்காற்று உட்பகுதியை அடையச் சற்று நேரமாகும் என்பதால், மீனம்பாக்கத்தில் பதிவாகும் கோடை வெப்பம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

தென்மேற்குப் பருவமழைக் காலம் (சூன் - செப்டம்பர்)

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பும்போது தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளத்திலும் கர்நாடகக் கடற்கரையிலும் மழையாகப் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று வறண்டிருப்பதால், தமிழகத்தின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாகிறது.

எனினும் இக்காலத்தில் சென்னை மழையே பெறுவதில்லை எனக் கொள்ளுதல் தவறாகும். சராசரியாக 44 சென்டிமீட்டர் அளவு மழை இந்நான்கு மாதங்களில் பெய்கிறது. ஈரமான கடற்காற்றும் மேற்குக் காற்றும் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகங்கள் உருவாகின்றன. ஆதலால் இக்காலத்து மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் இடி மின்னலுடன் பெய்யும். ஒரு பகுதியில் கனமழை பெய்ய, அடுத்த பகுதி காய்ந்திருப்பதும் உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலம் (அக்டோபர் - டிசம்பர்)

அக்டோபரில் ஆசிய நிலப்பரப்பு குளிரத் தொடங்குவதால் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை எடுத்துக்கொண்டு தமிழகக் கரையை அடைகிறது. இப்பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. நவம்பர் மாதமே மிகுந்த மழை பெறும் மாதமாகும். அதன் சராசரி சுமார் 40 சென்டிமீட்டர்.

இம்மழை நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. விரிகுடாவில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நிலைகளும் புயல்களும் எத்தனை, அவை எங்குக் கரையைக் கடக்கின்றன, கரையருகே எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பவற்றைப் பொறுத்தே மொத்த அளவு அமைகிறது. பருவ மழையின் பெரும்பகுதி சில நாட்களிலேயே பெய்துவிடுவதுண்டு. ஆகவே ஆண்டு சராசரி என்பது மிக மாறுபட்ட ஆண்டுகளின் சராசரியேயாகும்.

பசிபிக் பெருங்கடலில் எல் நினோ நிலவும் ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுப்பெறும் போக்கு உள்ளது. ஆயினும் இது உறுதியான விதியன்று.

புயல்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்து, நகரில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. ஆனால் அதே ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிடப் பெரிதும் குறைவாக இருந்தது. விரைந்து கரையைக் கடக்கும் புயல் பெருங்காற்றைத் தந்தாலும் பருவத்தின் குறையை ஈடுசெய்வதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

இதற்கு மாறாக, 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவில்லை. அது கரையருகே மெதுவாக நகர்ந்து ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. அவ்வாறு மெதுவாக நகர்ந்ததாலேயே டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் சென்னையில் மிகக் கனமழை பெய்து வெள்ளம் ஏற்பட்டது.

வெள்ளமும் வறட்சியும்

2015 நவம்பரில் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. இது 1918 ஆம் ஆண்டிற்குப் பின் நவம்பரில் பெய்த மிகுதியான மழையாகும். நிலமும் ஏரிகளும் நிறைந்திருந்த நிலையில், டிசம்பர் 1 தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர, அடையாறு கரைபுரண்டு நகரின் தென்பகுதி மூழ்கியது. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அப்பருவ மழையில் தமிழகத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நான்கு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாக மாறியது. 2018 ஆம் ஆண்டின் பருவமழை பொய்த்ததால், 2019 சூன் மாதத்தில் நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வற்றின. சூலை 12 அன்று சோலார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் தொடர்வண்டி சென்னை வந்தடைந்தது.

பஞ்சத்தின் தடம் நகரின் நிலவரைபடத்திலும் உள்ளது. 1876-78 ஆம் ஆண்டுகளில் நிலவிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பக்கிங்காம் கால்வாயின் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது.

நீர் சேமிப்பு

2011 இல் விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர் ஆகும். இப்பரப்பின் மேல் ஓராண்டில் 140 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீரின் அளவு ஏறத்தாழ 60 கோடி கன மீட்டர், அதாவது 21 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மேற்கூறிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டி.எம்.சி. மட்டுமே. நகரின் மேல் விழும் நீர் முழுவதும் சேமிக்கத்தக்கதன்று. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி கடலில் கலக்கும். எனினும் சராசரி ஆண்டில் சென்னை மழை குறைந்த நகரமன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மூன்று மாதங்களில் பெறும் நீரை ஏனைய ஒன்பது மாதங்களுக்கும் வைத்திருப்பதே இந்நகரின் அடிப்படைச் சிக்கலாகும்.

ஏரிகளும் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களும் இவ்வகையில் இரட்டைப் பயனுடையவை. மழைக்காலத்தில் அவை வெள்ளத்தை உள்வாங்குகின்றன. கோடையில் நிலத்தடி நீரைக் காக்கின்றன. அவற்றின் பரப்புச் சுருங்கும்போது வெள்ளமும் வறட்சியும் ஒருசேரக் கூடுகின்றன. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மீஞ்சூரில் 2010 இலும் நெம்மேலியில் 2013 இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் செயற்படத் தொடங்கின.

வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க இயலும். ஆகவே புவி வெப்பமடைவதால் கனமழை நாட்களின் கடுமை மேலும் கூடும் என அறிவியலாளர்கள் எதிர்பார்க்கின்றனர்.

வானிலை பதிவுகள்

1792 ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் நிறுவப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875 இல்தான் தொடங்கப்பட்டது என்பதால், சென்னையின் வானிலைக் குறிப்புகள் இந்தியாவின் மிகப் பழமையானவற்றுள் அடங்கும். இன்று நுங்கம்பாக்கத்தில் அத்துறையின் மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது.

* மிக உயர்ந்த வெப்பநிலை: 45 பாகை செல்சியஸ் (மே 31, 2003). இது கத்திரி வெயில் முடிந்த பின்னரே பதிவானது.
* மிகக் குறைந்த வெப்பநிலை: 13.9 பாகை செல்சியஸ் (டிசம்பர் 11, 1895, சனவரி 29, 1905).
* அண்மைக் கால மிகுமழை ஆண்டு: 2005 (250 சென்டிமீட்டருக்கு மேல்).